நாங்கள் கட்டி முடிக்காத கேரவன்

கிள்ளானில் காப்பார் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தொழிற்பேட்டையில், கேரவன் கட்டித் தரும் சின்னப் பட்டறை ஒன்றில் ஏறக்குறைய இரண்டு வருடம் வேலை பார்த்தேன். வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வதுதான் என் வேலை. சொன்னதில் பாதிக்கு மேல் பொய்.

நோய்த்தொற்றுக் காலத்தில், நான் பன்னிரண்டு வருடம் இருந்த சரக்கு அனுப்பும் அலுவலகம் ஆட்களைக் குறைத்தது. என் கணவர் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். அந்த ஓட்டமும் வாரத்துக்கு மூன்று நாளாகச் சுருங்கியிருந்தது. கோயிலில் பார்த்த தோழி ஒருத்தி சொல்லி அந்தப் பட்டறைக்குப் போனேன். முதலாளிக்கு ஐம்பது வயது இருக்கும். இருபது வருடமாக லோரிகளுக்குப் பின்பெட்டி கட்டியவர். ஊரடங்கில் வேலை இல்லாமல் இருந்தபோது தன் குடும்பத்துக்கென்று ஒரு கேரவன் கட்டினார். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே. அவருடைய மகள் அதைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டாள். வெளிநாடு போக முடியாமல் ஊருக்குள்ளேயே சுற்ற ஆசைப்பட்டவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்துவிட்டார்கள்.

"எனக்கு இரும்புதான் பேச வரும்மா. இங்லீஷ்ல, மலாய்ல மெசேஜ் வந்தா நீங்க பதில் போடுங்க. போன் எடுங்க. அவ்வளவுதான் லா," என்றார் முதல் நாள்.

நல்ல மனிதர். இதைச் சொல்லாமல் விட்டால் நான் இன்னொரு பொய் சொன்னவளாவேன். காலை எட்டு மணிக்கு முன்னால் வந்துவிடுவார். அவர் வைக்கிற வெல்டிங் கோடு தையல் போட்ட மாதிரி இருக்கும். அவருக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வாயில் வராது: முடியாது. மூன்று வண்டி நிற்கக்கூடிய கொட்டகையில் ஒன்பது பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வெல்டர்கள் இரண்டே பேர். புதிதாக வருபவர் கொடுக்கும் முன்பணத்தில்தான் பழையவருக்குச் சக்கரம் வாங்கினோம். நான் சேர்ந்த இரண்டாம் மாதமே இது எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் இருந்தேன்.

அந்தப் பெரியவர் வந்தது ஒரு சனிக்கிழமை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பதாகச் சொன்னார். கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறி, கிள்ளானில் இறங்கி, வாடகைக் காரில் வந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர், சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டு பெல்ட் போட்டிருந்தார். அரசாங்க நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவராக இருந்து ஓய்வு பெற்றவர். கையோடு ஒரு நீளமான அட்டைக் குழாய். அதற்குள் இருந்த தாளை என் மேசைமேல் விரித்து, சுருண்டுகொள்ளாமல் மூலைகளில் என் ஸ்டேப்ளரையும் கோப்பையையும் எடுத்து வைத்தார்.

அப்படி ஒரு வரைபடத்தை அந்தப் பட்டறை பார்த்ததில்லை. மற்றவர்கள் இணையத்தில் பிடித்த படத்தை அனுப்பி 'இதே போல' என்பார்கள். இவர் பென்சிலில், கட்டம் போட்ட தாளில், ஒவ்வோர் அங்குலத்தையும் குறித்திருந்தார். நடுவில் ஒரு வட்டம்.

"இது என்ன அங்கிள்?" என்று கேட்டேன்.

"சக்கர நாற்காலி திரும்புற இடம்மா. என் மிசஸுக்கு."

அவர் மனைவிக்கு ஆறு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்திருந்தது. வலது பக்கம் வேலை செய்யாது. ஆனால் உட்காருவார், பேசுவார், தானாகக் கரண்டி பிடித்துச் சாப்பிடுவார். ஒருமுறை ஈப்போவில் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். மண்டபத்துக் கழிப்பறைக் கதவுக்குள் நாற்காலி நுழையவில்லை. தங்கவிருந்த ஹோட்டலிலும் நுழையவில்லை. அன்று மாலையே திரும்பி, வீடு வந்து சேரும்வரை அந்த அம்மா சிறுநீரை அடக்கிக்கொண்டே வந்தாராம். இனி எங்கேயும் வரமாட்டேன் என்று அன்று சொன்னவர்தான். அதற்குப் பிறகு மருத்துவமனையைத் தவிர வேறெங்கும் போகவில்லை.

"டீச்சரா முதல் போஸ்டிங் அவளுக்குத் திரெங்கானுவுல. ஸ்கூலுக்குப் பின்னாலயே கடல். அத ஒருக்கா பாக்கணும்னு அவ கேக்கல. நான்தான் நெனைக்கிறேன்," என்றார். பிறகு தாளில் ஒரு இடத்தை விரலால் தொட்டார். "கதவு முப்பத்திரண்டு இன்ச். இது மட்டும் கொறையக் கூடாது." அந்த எண்ணின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தார்.

முதலாளி கையைத் துடைத்துக்கொண்டு வந்து வெகுநேரம் அந்தத் தாளைப் பார்த்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். "ஆறே மாசம் அங்கிள். ஆன்ட்டிய கடலுக்கு முன்னால கொண்டுபோய் உட்கார வச்சிடலாம்," என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் மனதாரத்தான் சொன்னார்.

ஆறு மாதத்தில் அடிச்சட்டமும் நான்கு சுவரின் எலும்புக்கூடும்தான் நின்றன. பெரியவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். வாழையிலைக் கடையிலிருந்து எல்லாருக்கும் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார். சத்தம் போட மாட்டார். சட்டத்துக்குள் ஏறி, டேப்பை இழுத்து அளந்து, சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு இறங்குவார். மற்ற வாடிக்கையாளர்கள் போனில் கத்துவார்கள், போலீசுக்குப் போவேன் என்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதைவிட இவர் அளக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஏழாம் மாதத்தில் கதவு வந்தது. முதலாளி ஆர்டர் கொடுத்துச் செய்ய வேண்டியதை விட்டு, கடையில் தயாராக இருந்ததை வாங்கி, அதற்கேற்ற மாதிரி சட்டத்தை வெட்டி மாட்டிவிட்டார். பெரியவர் அந்தச் சனிக்கிழமை அளந்தார். திரும்பவும் அளந்தார். அப்புறம் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"இது இருபத்தாறு இன்ச்சுமா."

முதலாளி நெற்றியில் அடித்துக்கொண்டார். "சாரி அங்கிள், சாரி. வெட்டி அகலமாக்கிடலாம். ஒரு வாரம் லா."

வெட்ட வேண்டுமானால் பக்கத்து ஜன்னல் நகர வேண்டும். ஜன்னல் நகர்ந்தால் உள்ளே அடுப்பு வைக்கும் இடம் மாறும். அந்த ஒரு வாரம் இரண்டு மாதம் ஆனது. அதற்குள் நாங்கள் ஏற்கெனவே கொடுத்த கேரவன் ஒன்று திரும்பி வந்துவிட்டது. கூரையில் நீர் கசிந்து மெத்தை முழுக்க ஊறி நாறியது. லோரி இரும்பிலேயே கட்டிப் பழகியதால் எடையும் அதிகம். காராக் மலை ஏற்றத்தில் அதை வாங்கியவரின் கார் இழுக்க முடியாமல் புகைந்து நின்றுவிட்டதாம். வந்த வேகத்தில் அவர் கையில் கிடைத்த நாற்காலியைத் தூக்கிச் சுவரில் அடித்தார். முதலாளி எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு அவர் கூரையைப் பிரிக்க ஆரம்பித்தார். யார் அதிகம் கத்துகிறார்களோ அவர்கள் வண்டியில்தான் அன்றைக்கு வேலை நடக்கும். பெரியவர் கத்தவே இல்லை.

என் பாவத்தை இங்கே எழுதிவிடுகிறேன்.

அந்த மாதம் பெரியவருக்குக் காய்ச்சல். இரண்டு சனிக்கிழமை வரவில்லை. வேலை எப்படிப் போகிறது என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். அவருடைய வண்டி மூலையில் தூசி படிந்து கிடந்தது. "ஏதாவது ஒரு படம் அனுப்பி வைங்கம்மா, மனசு தெம்பா இருக்கட்டும்," என்றார் முதலாளி. நான் இன்னொருவருடைய கேரவனை உள்ளே போய்ப் படம் எடுத்தேன். சுவரில் பலகை அடித்து, விளக்கு மாட்டி, அழகாக இருந்தது. 'வேலை நன்றாகப் போகிறது அங்கிள்' என்று எழுதி அனுப்பினேன். கைகூப்பும் படம் ஒன்று பதிலாக வந்தது.

அடுத்த சனிக்கிழமை வந்தார். பொட்டலங்களை மேசைமேல் வைத்தார். தன் வண்டி கிடந்த மூலையைப் பார்த்தார். அதன் அருகே போகவில்லை.

"அந்தப் படத்துல கதவு எடப்பக்கம் இருந்துச்சுமா," என்றார். "என்னோடது வலப்பக்கம்."

 அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "ஆன்ட்டிக்குக் காட்டிட்டேன். அவளுக்கு எடப்பக்கம் வலப்பக்கம் தெரியல. சந்தோஷப்பட்டா," என்று சொல்லிவிட்டு வெளியே போய் வாடகைக் காருக்காக வெயிலில் நின்றார்.

அன்று நான் எழுந்து போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இது முடியாது அங்கிள், பணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள், வேறு வழி பாருங்கள் என்று சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் போதும். கார் வர பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. நான் கண்ணாடி வழியாக அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு மூன்று வாரம் கழித்து அவர் மனைவியையே அழைத்துவந்தார். சக்கர நாற்காலி ஏறுகிற வேன் ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தார். கதவு அப்போதுதான் அகலமாக்கப்பட்டிருந்தது, அதைக் காட்டத்தான். வெல்டர்கள் இருவரும் ஒட்டுப்பலகையைச் சரிவாகப் போட்டு நாற்காலியை மேலே தள்ளினார்கள். கதவுக்குள் இரண்டு பக்கமும் கை நுழையும் இடைவெளி விட்டு உள்ளே போனது. பெரியவர் சின்னப் பையன் மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

உள்ளே சுவர் இல்லை, கூரையில் பாதி இல்லை. ஜன்னல் வர வேண்டிய ஓட்டையில் பிளாஸ்டிக் தாள் படபடத்தது. அந்த அம்மா வரைபடத்தில் வட்டம் போட்ட இடத்தின் நடுவில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். பூப்போட்ட பருத்திச் சேலை, புதிதாக வைத்த பொட்டு. வெளியே கிளம்புகிற நாளென்று உடுத்தி வந்திருக்கிறார்.

"டாய்லெட் எங்கம்மா?" என்று என்னைக் கேட்டார். பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் புரிந்தது.

தரையில் சாக்கட்டியால் போட்டிருந்த சதுரத்தைக் காட்டினேன். அவர் அதையே பார்த்தார். பிறகு முகத்தின் ஒரு பக்கத்தால் சிரித்தார்.

"பெருசாத்தான் இருக்கு. எப்பம்மா முடியும்?"

முதலாளி எனக்குப் பின்னால் நின்றிருந்தார். பெரியவர் கதவோரம் நின்றிருந்தார். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"தைப்பூசத்துக்குள்ள முடிஞ்சிடும் ஆன்ட்டி," என்றேன்.

யாரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. நானாகச் சொன்னேன்.

தைப்பூசத்துக்கு முன்பே பெரியவர் வண்டியின் அச்சையும் சக்கரங்களையும் கழற்றி, போலீசில் புகார் கொடுத்திருந்த இன்னொருவர் வண்டிக்கு மாட்டிவிட்டார் முதலாளி. பெரியவருடையதை மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்தார்கள். அதைக் கழற்றியவர் புதுக்கோட்டையிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த வெல்டர். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். வேலை முடிந்ததும் என் மேசைக்கு வந்து நின்றார்.

"மேடம், அந்தப் பெரியவர்கிட்ட சொல்லிடுங்க. இது ஆவாது. நானும் இந்த மாசத்தோட ஊருக்குப் போறேன், பெர்மிட்டும் புதுப்பிக்கல. என் கையாலயே கழட்டிட்டேன், எனக்கு மனசு கேக்கல."

"நான் சொல்றேண்ணே," என்றேன். சொல்லவில்லை. எனக்கு அப்போது இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருந்தது. வண்டிகள் முடிந்தால்தான் அதுவும் வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இப்படித்தான் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

தைப்பூசம் போனது. பெரியவர் வரும் சனிக்கிழமைகளுக்கு இடைவெளி விழுந்தது. மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் எழுதுவார். எப்போது முடியும் என்று கேட்பதை நிறுத்தியிருந்தார். அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

ஒரு திங்கட்கிழமை முதலாளி வரவில்லை. போன் அணைந்திருந்தது. செவ்வாய்க்கிழமை அவர் மனைவி அழுதுகொண்டே எனக்குப் போன் அடித்தார், கணவர் எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. புதன்கிழமை கொட்டகையின் சொந்தக்காரர், தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன வியாபாரி, வாடகை பாக்கிக்காகப் பூட்டுப் போட வந்துவிட்டார். அதற்குள் செய்தி பரவி வாடிக்கையாளர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். ஒருவர் வெல்டிங் இயந்திரத்தைத் தன் காரில் ஏற்றினார். இன்னொருவர் யாருக்கோ வாங்கி வைத்திருந்த குளிர்ப்பெட்டியை இழுத்துக்கொண்டு போனார். இரண்டு பேர் ஒரே ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். ஒரு பெண்மணி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நீதானே மெசேஜ் போட்ட? நீதானே?"

நான்தான் என்று சொன்னேன். அவள் கை தளர்ந்துவிட்டது.

நான் பெரியவருக்குப் போன் அடித்து, உடனே வந்து உங்கள் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.  பின்னணியில் ஏதோ இயந்திரம் கீச் கீச்சென்று ஒலித்தது.

"நான் ஹாஸ்பிட்டல்ல இருக்கேன்மா," என்றார். "அதுல இப்பவாவது சக்கரம் இருக்கா?"

"இல்ல அங்கிள்."

"அப்ப எப்படி எடுக்கிறது," என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. வைத்துவிட்டார்.

மற்றவர்களில் சிலர் நுகர்வோர் நடுவர் மன்றத்துக்குப் போனார்கள். பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பும் கிடைத்தது. தருவதற்கு ஆள் இல்லை. பெரியவருடைய வண்டியைப் பழைய இரும்புக்காரர் ஒருவர் மற்றதோடு சேர்த்து வெட்டி எடுத்துப்போனதாகக் கேள்விப்பட்டேன். முதலாளியை நானே ஒருமுறை பார்த்தேன், எட்டு மாதம் கழித்து, கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் ஒரு வீட்டு வாசலில் இரும்புக் கேட் வைத்துக்கொண்டிருந்தார். இளைத்து, தாடி வளர்ந்து. என்னைக் கண்டதும் ஓடவில்லை.

"எல்லாருக்கும் முடிச்சுக் குடுத்துருவேன்மா," என்றார். "கொஞ்சம் டைம் வேணும், அவ்வளவுதான். அந்த அங்கிளுக்குத்தான் முதல்ல."

அவர் அதையும் மனதாரத்தான் சொன்னார். திட்டுவதற்கென்று என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தேன்; அப்படியே திரும்பி நடந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். ஆர்டர் படிவத்தில் முகவரி இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்டால் எனக்குத் தூக்கம் வரும் என்றும் நினைத்தேன். ரயிலில் இருந்து இறங்கி, பூக்கடைகளையும் சேலைக்கடைகளையும் தாண்டி நடந்து அந்தக் கட்டடத்தைக் கண்டுபிடித்தேன். எட்டாவது மாடி. மணியை அடித்ததும் மரக்கதவு திறந்தது. வெளிக்கம்பிக் கதவை அவர் திறக்கவில்லை. பெல்ட் இல்லை, சட்டை வெளியே தொங்கியது. உள்ளேயிருந்து டெட்டால் வாடை வந்தது.

"அங்கிள், நான்தான்..."

"தெரியுதும்மா."

"மன்னிப்புக் கேக்க வந்தேன் அங்கிள்."

கம்பிகளைப் பிடித்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. அதிகம் களைத்தவர் பார்க்கிற பார்வை.

"பணத்தப் பத்தி நான் பேசல. போனது போச்சு," என்றார். "நீங்க அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வேன் புடிச்சாவது, ஒரு நர்ஸ கூட்டிக்கிட்டாவது அவள நான் கொண்டு போயிருப்பேன். அப்ப அவ உட்காருவா. ஒன்றர வருஷம் உட்கார்ந்து உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருந்தா. இப்ப ரெண்டாவது ஸ்ட்ரோக்குக்கு அப்பறம் தலைய நிமித்த முடியல."

"வேலை போயிடும்னு பயந்தேன் அங்கிள்," என்றேன். என் வாயிலிருந்து வந்ததிலேயே அது ஒன்றுதான் முழு உண்மை. அந்த வாசலில் நின்று சொல்லும்போது அதற்கு எந்த மதிப்பும் இல்லாமல் போனது.

அவர் தலையை ஆட்டினார். சரி என்று ஆட்டினாரா, போ என்று ஆட்டினாரா தெரியவில்லை.

உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது. சொற்கள் பிரியவில்லை, யார் என்று கேட்பது போல இருந்தது. பெரியவர் திரும்பி, சத்தமாக, அன்பாகச் சொன்னார்.

"யாரும் இல்லம்மா. வீடு மாறி வந்துட்டாங்க."

மரக்கதவை மெல்லச் சாத்தினார். நான் படி வழியாக எட்டு மாடியும் இறங்கினேன். மின்தூக்கிக்காக அந்தக் கதவுக்கு எதிரே நிற்க என்னால் முடியவில்லை.

இப்போது கிள்ளானில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறேன். நேரம் குறித்துக் கொடுப்பது, வந்தவர்களை உட்கார வைப்பது. அந்த அம்மா இன்னும் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. விசாரிக்க நடுவில் யாரும் இல்லை. பெரியவருடைய எண் என் போனில் இருக்கிறது. அதில் கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை, இனி வரும் என்றும் தோன்றவில்லை.